ஐந்து நிமிஷ விளக்கம்

போர்டில் அறுபத்தொன்று என்று சிவப்பாக எரிகிறது, என் கையில் இருப்பது எண்பத்தேழு, நடுவில் இருபத்தைந்து பேர், ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்று வைத்தாலும் ஒரு மணி நேரம் போய்விடும், மூன்று கவுண்டர் கட்டிவிட்டு ஒன்றில் மட்டும் ஆளை உட்கார வைத்திருக்கிற கெட்டிக்காரத்தனத்தை யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் பெருசுக்குப் பொறுமை இல்லை என்பார்கள், பொறுமையைப் பற்றி எனக்கு ஒருத்தன் பாடம் எடுக்க வேண்டாம், திருச்சி ஜங்ஷன் ரயில் தபால் ஆபீசில் முப்பத்தாறு வருஷம் நின்றுகொண்டே கடிதம் பிரித்தவன் நான், காலில் நரம்பு சுருண்டுகொண்டதுதான் மிச்சம். சிஸ்டர் கொடுத்த சீட்டில் இரண்டு ஊசி எழுதியிருக்கிறது, அவசரம் இல்லை, மத்தியானத்துக்குள் வாங்கி வந்தால் போதும் என்றாள். மேலே மூன்றாவது மாடியில் கண்ணாடி ரூமில் செண்பகம் தனியாகப் படுத்திருக்கிறாள், என் பெண்டாட்டி, அறுபத்திரண்டு வயசு, வாயெல்லாம் புண், நூற்றிமூன்று ஜுரம், வெள்ளை அணு எழுநூறுக்கு இறங்கிவிட்டது, எழுநூறு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது, டாக்டர் அதைச் சொன்ன குரல்தான் தெரியும். என் சட்டைப் பையில் இரண்டு மாத்திரை அட்டை இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஆறு மஞ்சள் மாத்திரை மிச்சம், உட்கார்ந்தால் நெஞ்சில் குத்துகிறது, எழுந்தால் கீழே விழுந்துவிடுமோ என்று கை போகிறது. இதை டாக்டரிடம் காட்ட வேண்டும். திங்கட்கிழமையிலிருந்து காட்ட வேண்டும். இன்றைக்குப் புதன்கிழமை.

சொல்லத்தான் போகிறேன், சொல்லாமல் என்ன, ஊசியை வாங்கிக்கொண்டு மேலே போனதும் சொல்லிவிட்டால் ஆயிற்று, நேற்றும் இதே நாற்காலியில் உட்கார்ந்து இதையேதான் நினைத்தேன், நேற்று மேலே போனபோது டாக்டர் போய்விட்டிருந்தார், எனக்கு அப்பாடா என்று இருந்தது, அப்படி இருந்ததற்கே என்னைச் செருப்பால் அடிக்கலாம். பக்கத்தில் ஒருத்தர் கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டு தூங்குகிறார், அவர் மகள் செல்போனில் சீரியல் பார்க்கிறாள், அதில் யாரோ யாருக்கோ பாலில் எதையோ கலக்கிறார்கள். ஏசி இந்தப் பக்கம் மட்டும் அடிக்கிறது. அந்தப் பெண் வருகிறாள். வெள்ளைக் கோட்டு, கையில் அட்டையில் செருகின பேப்பர், ஒவ்வொரு நாற்காலியாகக் குனிந்து ஏதோ கேட்கிறாள், பாதிப் பேர் தலையாட்டி அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அவளைத் தெரியும். நெஞ்சில் ரெஜினா மேரி, மருந்தாளுநர் என்று குத்தியிருக்கிறாள், போன மாசமும் அதே பேட்ஜ், முப்பத்தைந்து வயசு இருக்கும், இடது புருவத்தில் தழும்பு. அவளுக்கு என்னைத் தெரியாது, ஒரு நாளைக்கு எத்தனை மூஞ்சியைப் பார்க்கிறாளோ. எழுந்து பாத்ரூம் பக்கம் போய்விடலாமா என்று பார்க்கிறேன், அதற்குள் வந்துவிட்டாள். "சார், ஒரு அஞ்சு நிமிஷம் உங்க நேரம் கிடைக்குமா, நோயாளிங்க திருப்தி பத்தி ஒரு கணக்கெடுப்பு" என்கிறாள், போன மாசம் அய்யா, இந்த மாசம் சார். கேளும்மா என்று சொல்லிவிட்டேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பெயர் தெய்வசிகாமணி. வயசு அறுபத்தெட்டு. படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. நோயாளியா கூட வந்தவரா, கூட வந்தவர். நோயாளி என்ன வேணும், மனைவி. எழுதுகிறாள், எழுத்து நன்றாக இருக்கிறது, மருந்துக்கடைக்காரர்களுக்கு நல்ல எழுத்து இருந்து நான் பார்த்ததில்லை.

"இங்க மருந்து வாங்குறப்ப அதை எப்படிச் சாப்பிடணும்னு மருந்தாளுநர் உங்களுக்கு விளக்கம் சொன்னாங்களா சார்?" என்கிறாள். சொன்னாங்களா என்றால் என்ன சொல்வது, நீதானேம்மா கூப்பிட்டாய், நான்தானே வரவில்லை. ஐந்து வாரத்துக்கு முன்னால், சனிக்கிழமை, கூட்டமான கூட்டம். செண்பகத்துக்குக் கை மூட்டெல்லாம் வீங்கி விரல் கோணிப்போய் இரண்டு வருஷம் ஆகிறது, ஊர் பூராவும் தைலம் தடவிப் பார்த்துவிட்டுக் கடைசியில் இங்கே வந்தோம், வாத டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினார். ஒன்று வாத மாத்திரை, ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஆறையும் ஒரே வேளையில் போட்டுவிட வேண்டும். இன்னொன்று சத்து மாத்திரை, மற்ற ஆறு நாளும் தினம் ஒன்று. இவ்வளவுதான், இதில் என்ன பிரம்ம வித்தை. கவுண்டரில் இந்தப் பெண் இரண்டு காகிதக் கவரில் போட்டு மேலே எழுதிக்கொடுத்தாள், கொடுத்துவிட்டு, "அய்யா, ஒரு அஞ்சு நிமிஷம் அந்த ரூம்ல வந்து உக்காருங்க, ரெண்டும் மஞ்ச மாத்திரை, பாக்க ஒண்ணு போலவே இருக்கும், நான் விளக்கமா சொல்லிடறேன்" என்றாள். ரூம் வாசலில் போர்டு, மருந்து ஆலோசனை, கட்டணம் ஐம்பது ரூபாய். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். டாக்டரைப் பார்க்க ஐந்நூறு, ரத்தத்துக்கு இரண்டாயிரம், இப்போது வாய் வார்த்தைக்கும் ஐம்பதா, நாளைக்கு லிஃப்டில் ஏறினால் டிக்கெட் கிழிப்பீர்களா என்று சத்தமாகவே கேட்டேன், வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அவள் முகம் சுருங்கிப்போனது. "பரவால்லை அய்யா, காசு வேணாம், இங்கயே நின்னு சொல்றேன்" என்று அட்டையைத் திருப்பிப் பெயரைக் காட்ட வந்தாள். எனக்குத் தமிழும் படிக்கத் தெரியும் இங்கிலீஷும் படிக்கத் தெரியும், பின்னால் நிற்கிறவனைக் கவனி என்று பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். செண்பகம் தூணோரம் நின்றிருந்தாள். "என்னவாம், என்ன சொல்ல வந்துச்சு அந்தப் பொண்ணு" என்றாள். ஒன்றுமில்லை வா என்றேன்.

"இல்லம்மா, விளக்கம் எதுவும் வாங்கலை" என்கிறேன், இல்லை என்ற கட்டத்தில் டிக் அடிக்கிறாள். அடுத்த கேள்வி அதைவிட மோசம். "வேண்டாம்னு விட்டதுக்குக் காரணம் என்ன சார், நேரமில்லையா, கட்டணமா, இல்ல தேவையில்லைன்னு நினைச்சீங்களா?" மூன்று கட்டம், எதில் போடச் சொல்வது, எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு கட்டம் இருந்தால் அதில் போடலாம். தேவையில்லைன்னு நினைச்சேன் என்றேன். தேவையில்லைதான், வேறு எவனாவது என்றால் தேவை, நான் யார், சேலம் பை, ஈரோடு பை, தஞ்சாவூர் பை, ஒரு ஷிஃப்டில் மூவாயிரம் கடிதம், தப்பான கட்டத்தில் நான் போட்டது என்று ஒரு மெமோ என் மேல் கிடையாது. எங்கள் வேலையில் முதல் பாடம், வந்த மூட்டையை முழுசாக மேஜையில் கொட்டிவிட வேண்டும், காலி மூட்டையை உதறிக் காட்ட வேண்டும், அப்புறம்தான் பிரிக்க வேண்டும். இரண்டாவது பாடம், மேலே என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறவன் தபால்காரன் இல்லை, திருடன். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அதேதான் செய்தேன். கட்டிலில் துண்டை விரித்து இரண்டு கவரையும் கொட்டினேன், கவரை உதறினேன், பில்லோடு ஒத்துப் பார்த்தேன், இதில் முப்பது, அதில் முப்பது, மூன்று வெள்ளி அட்டை, மூன்று வெள்ளி அட்டை, சரியாக இருந்தது. திரும்பக் கவரில் போட்டேன். அவ்வளவுதான் நடந்தது. ஞாயிறு என்று எழுதின கவரில் சத்து மாத்திரை போய்விட்டது, தினம் என்று எழுதின கவரில் வாத மாத்திரை போய்விட்டது, அதற்கப்புறம் நாலு வாரம் நான் கவரைத்தான் படித்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஏழு கட்டம் வைத்த டப்பாவை எடுத்துவைத்துக்கொண்டு, செண்பகம் விரலால் அட்டையைப் பிதுக்க முடியாது, நான்தான் பிதுக்கிப் பிதுக்கிக் கட்டத்தில் போடுவேன், ஞாயிறில் ஆறு, மற்றதில் ஒவ்வொன்று, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள், "ஆபீசு போயிட்ட மாதிரி இருக்கு உங்க மூஞ்சி" என்று கேலி செய்வாள். காலையில் காபிக்கு அப்புறம் நானே எடுத்து அவள் நாக்கில் வைப்பேன். தினம். என் கையால்.

மூன்றாவது வாரம் வாய் எரிகிறது என்றாள். ரசம் சாதம் தொண்டையில் இறங்கவில்லை. காரத்தைக் குறை என்றேன், அப்புறம் காந்தி மார்க்கெட் வரைக்கும் போய் மணத்தக்காளிக் கீரை வாங்கிவந்து, தேங்காய்ப்பால் ஊற்றி நானே கூட்டு வைத்துக் கொடுத்தேன், வாய்ப்புண்ணுக்கு அதைவிட மருந்து உண்டா. ஒரு கையால் கீரை, ஒரு கையால் அது. தலைமுடி சீப்போடு வந்தது, வயசாகிறது என்றேன். ஒரு நாள், செவ்வாய்க்கிழமை என்று நினைக்கிறேன், மாத்திரையை நாக்கில் வைக்கப்போனால் வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள், "இது போட ஆரம்பிச்சதுலருந்துதாங்க எனக்கு இப்படி இருக்கு, ரெண்டு நாளைக்கு நிறுத்திப் பாக்கலாமா" என்று கேட்டாள், வாயைக் கையால் மூடிக்கொண்டு கேட்டாள். நான் என்ன சொன்னேன். நீ டாக்டருக்குப் படிச்சிருக்கியா என்றேன். திறந்தாள். இதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை, அட்டையைக் காட்டினாலும் இதைச் சொல்லமாட்டேன், இது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம், அவள் செத்துப்போனால் எனக்கு மட்டும். எப்படி வருகிறது பார் இந்த வார்த்தை, செத்துப்போனால் என்று, வாயில் வைத்த மாதிரி சாதாரணமாக.

செல்போன் அடிக்கிறது, வசுமதி, என் மகள், ஓசூரிலிருந்து. ரெஜினாவிடம் ஒரு நிமிஷம்மா என்கிறேன், அவள் பரவால்லை பேசுங்க என்று பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள், எழுந்து போனால் தேவலை. "அப்பா, அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு, டெங்குதானாமா, நான் மத்தியான பஸ் ஏறிடறேன்" என்கிறாள். டெங்கு மாதிரிதான் சொல்றாங்கம்மா என்கிறேன். டெங்கு என்று சொல்லவைத்தது யார். திங்கட்கிழமை காலையில் சிஸ்டர், வீட்டில் என்னென்ன மாத்திரை போடுறீங்களோ எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க என்று அனுப்பினாள். போனேன். கவரிலிருந்து அட்டையை எடுத்தபோது ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டது, எழுத்து தெரிந்தது, வாத டாக்டர் எழுதின சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் பார்த்தேன், இன்னொன்றைப் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். உடனே ஓடியிருக்க வேண்டும். ஓடித்தான் வந்தேன், ஆட்டோ பிடித்துத்தான் வந்தேன், தில்லைநகர் தாண்டும்போது மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. வாரத்துக்கு ஆறு சாப்பிடச் சொன்னார்கள், வாரத்துக்கு ஆறுதான் சாப்பிட்டாள், ஒரே நாளில் ஆறு விழுங்குவதைவிட ஒவ்வொன்றாகப் போட்டால் உடம்புக்கு நல்லதுதானே, மொத்தம் மாறவில்லையே, மொத்தம் மாறாதபோது இது எப்படிக் காரணமாக இருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அட்டை இரண்டும் சட்டைப் பைக்குள் போய்விட்டது. டாக்டர் கேட்டார், நேராகவே கேட்டார், "அந்த வாத மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்தானே குடுத்தீங்க, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க". ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் சார், நானே என் கையால குடுப்பேன் என்றேன். ரயில் தபால்ல இருந்தவன் சார், தப்பு வராது என்று வேறு சொன்னேன், யாரும் கேட்காமலே. அப்ப டெங்குவுக்குப் பாக்கலாம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"நீங்க சாப்பிட்டீங்களாப்பா?" என்கிறாள் வசுமதி. சாப்பிட்டேன் என்கிறேன். ஏன் மறைத்தேன் என்றால் இவளுக்காகத்தான், இந்தக் குரலுக்காக. தீபாவளிக்கு வந்தபோது அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன் என்றாள், ஒரு நர்ஸம்மா வைத்துப் பார்த்துக்கொள்கிறாளாம், "உங்களுக்கும் வயசாகுதுப்பா, மாத்திரையெல்லாம் நீங்க பாக்க முடியாது". சண்டை போட்டேன். முப்பத்தாறு வருஷம் ஊர்க் கடிதத்தையெல்லாம் பிரித்தவன் பத்து மாத்திரையைப் பிரிக்கமாட்டேனா என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவள் அழுதுகொண்டே ஊருக்குப் போனாள். இப்போது தெரிந்தால் என்ன ஆகும், செண்பகம் பிழைத்தாலும் எனக்கு இல்லை, ஓசூருக்குப் போய்விடுவாள், மாசம் ஒரு தடவை பஸ்ஸில் போய் விருந்தாளி மாதிரி பார்த்துவிட்டு வர வேண்டும். பிழைக்காவிட்டால் அம்மாவை நீங்கதான் கொன்னீங்க என்று வாய்விட்டுக் கேட்கமாட்டாள், பேசுவதையே நிறுத்திவிடுவாள், அவள் அப்படித்தான், என் குணத்தைக் கொண்டிருக்கிறாள். போலீஸ் கேஸ் ஆகுமா என்றுகூட யோசித்தேன். ஆகட்டுமே, அதற்கெல்லாம் நான் பயப்படவில்லை. தப்பு வராது சார் என்று சொன்ன வாயால் தப்பு வந்துவிட்டது சார் என்று சொல்ல வேண்டியிருக்கிறதே, அதற்குத்தான். போனை வைத்துவிட்டாள். வைத்தபிறகும் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன், அதுவரைக்கும் கேள்வி வராதே என்று.

வந்தது. "இந்த மாதிரி தனியா உக்கார வச்சு விளக்கம் சொல்றதுக்கு நீங்க எவ்வளவு வரைக்கும் கட்டணம் கொடுக்கத் தயாரா இருக்கீங்க சார், ஒண்ணும் கொடுக்க மாட்டேன், ஐம்பது, நூறு, அதுக்கு மேல". அவளே பேசுகிறாள், "பாதிப் பேருக்கு மேல ஒண்ணும் கொடுக்க மாட்டேன்னுதான் சொல்றாங்க சார், மாத்திரைதான் பொருள், பேச்சுக்கு என்ன காசுன்னு. நிர்வாகத்துல அடுத்த மாசத்தோட அந்த ரூமை மூடிட்டு ஸ்டோருக்குக் குடுக்கலாம்னு இருக்காங்க, அதுக்காகத்தான் இதை எடுக்கறேன்". மூடிவிடுவார்களா என்றேன். போர்டில் எழுபது. அம்மா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும் என்கிறேன். கேளுங்க சார். தெரிஞ்சவர் ஒருத்தர், எங்க தெருவில் இருக்கிறவர், வாத மாத்திரை, ஞாயிற்றுக்கிழமை ஆறு போடச் சொன்னதை அவர் தினம் ஒண்ணா ஆறு நாளைக்குப் போட்டுட்டாரு, மொத்தம் ஒண்ணுதானேம்மா, ஒண்ணும் ஆகாதில்ல. பேனாவை மூடினாள். "எத்தனை நாளா?" என்றாள். நாலு வாரம். "மொத்தம் ஒண்ணுதான் சார், ஆனா அது வேற மருந்தாயிடும். ஆறையும் ஒரே நாள்ல போட்டா அது அன்னிக்கு வேலை செஞ்சிட்டுப் போயிடும், மிச்ச ஆறு நாள் உடம்பு தன்னைச் சரி பண்ணிக்கும், அதுக்குத்தான் அந்தச் சத்து மாத்திரை. தினம் போட்டா ஓய்வே கிடையாது, ரத்தம் ஊறுற இடத்தையே அது அடைச்சிடும். முதல்ல வாய் புண்ணாகும், அப்புறம் ஜுரம் வரும், வெள்ளை அணு இறங்கும். உயிருக்கே ஆபத்து சார், வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு பேர் இப்படி வர்றாங்க. அவரை உடனே கூட்டிட்டு வரச் சொல்லுங்க, மாத்து ஊசி இருக்கு, சீக்கிரம் போட்டா காப்பாத்தலாம், ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு". ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு நிமிஷம் இருக்குமா. இந்த ஒரு நிமிஷத்தை அன்றைக்குக் காசில்லாமலே கொடுக்க வந்தாள், நான் வரிசையைச் சிரிக்கவைத்துவிட்டுப் போனேன். சொல்லுங்க சார், அவர் எங்க இருக்காரு என்கிறாள். என் கை சட்டைப் பைக்குள் போகிறது, வியர்வையில் அட்டை துணியோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது, இழுக்கிறேன், இரண்டையும் அவள் மடியில் இருந்த பேப்பர் மேல் வைக்கிறேன். மேலேதாம்மா, மூணாவது மாடி, கண்ணாடி ரூம்.

அவள் அட்டையைப் பார்க்கிறாள், என் கையில் இருந்த ஊசிச் சீட்டைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், அப்போதுதான் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும், புருவம் அசைந்தது, ஒரு வார்த்தை வைதிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். "இது எப்ப சார் உங்களுக்குத் தெரிஞ்சது?" என்று மட்டும் கேட்டாள். இதற்குள்ளே ஒரு வழி இருந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிற வழி, அது ஒரு கதவு மாதிரி திறந்தே இருந்தது, நான் பார்த்தேன், பார்த்துக்கொண்டே, இப்பத்தாம்மா, இப்ப எடுத்துப் பாத்தப்பதான் என்றேன். சரி வாங்க என்று எழுந்து நடந்தாள், லிஃப்டுக்கு நிற்கவில்லை, படியில் இரண்டிரண்டாக ஏறினாள், போனில் டாக்டரிடம் பேசிக்கொண்டே ஏறினாள், "ஆமா சார், டெய்லி போயிருக்கு, நாலு வாரம், கூட இருக்கிறவர் இப்பதான் கவனிச்சிருக்காரு". நான் சுருண்ட நரம்பை இழுத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். முதல் மாடியில் ஒரு பிள்ளையார் படம், இரண்டாவது மாடியில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒரு அம்மாள் பாட்டிலை நிரப்பிக்கொண்டு இருந்தாள், தண்ணீர் வழிந்து போவதைப் பார்க்காமல் எங்களைப் பார்த்தாள். இப்பத்தான் என்பது எவ்வளவு சின்ன வார்த்தை, ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் அவரவர் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், டாக்டர் எடுத்துக்கொள்வார், கேஸ் தாளில் எழுதுவார்கள், சாயங்காலம் வசுமதி வந்து எடுத்துக்கொள்வாள், நீங்க என்னப்பா பண்ணுவீங்க, தெரிஞ்சவுடனே சொல்லிட்டீங்கல்ல என்பாள். நினைத்துப் பார்த்தால் மோசம் இல்லை. அப்படியே இருந்துவிடலாம் போலத்தான் இருந்தது.

டாக்டர் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். அட்டையை வாங்கிப் பார்த்தார், சிஸ்டரிடம் ஊசி பெயர் சொன்னார், அவள் ஓடினாள். என்னிடம் கோபமாக ஒன்றும் பேசவில்லை, "திங்கட்கிழமையே தெரிஞ்சிருந்தா நமக்கு ரெண்டு நாள் கிடைச்சிருக்கும்" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "கிட்னியும் இப்ப கொஞ்சம் அடி வாங்கியிருக்கு, போட்டுப் பாக்கலாம், என்னால உறுதியா எதுவும் சொல்ல முடியாது". எனக்குப் பச்சை அங்கியும் மூக்குத்துணியும் மாட்டி உள்ளே விட்டார்கள். செண்பகம் கண்ணைத் திறந்துதான் இருந்தாள். உதடு கறுத்து வெடித்துக் காய்ந்துபோயிருந்தது, பேச்சு வராமல் இரண்டு நாள் ஆகிறது. ரெஜினா அவள் காதருகில் குனிந்து, அந்த ரூமில் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பாளோ அந்தக் குரலில், நிதானமாகச் சொன்னாள், "அம்மா, மாத்திரை கவர் மாறிப் போயிருக்கும்மா, அதனாலதான் வாய்ப் புண்ணு, ஜுரம் எல்லாம். அய்யா இப்பதான் கவனிச்சாரு, கவனிச்ச உடனே ஓடியாந்து சொல்லிட்டாரு. மாத்து ஊசி போடறோம், பயப்படாதீங்க". செண்பகம் கண் என் பக்கம் திரும்பியது. அவள் கை மெதுவாகக் கட்டிலை விட்டு மேலே வந்து, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த கையின் மேல் உட்கார்ந்தது, கோணின விரல், கொதிக்கிற சூடு, தட்டிக்கொடுத்தாள். இரண்டு தட்டு. என்னைச் சமாதானப்படுத்துகிறாள். நாற்பது வருஷமாக நான் கத்திவிட்டு உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் இப்படித்தான் தட்டிவிட்டு அடுப்படிக்குப் போவாள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. டாக்டர் நிற்கிறார், ரெஜினா நிற்கிறாள், யார் நின்றால் என்ன. செண்பகம், இப்ப இல்ல என்றேன். மூக்குத்துணியைக் கீழே இழுத்துவிட்டுச் சொன்னேன், திங்கட்கிழமையே பாத்துட்டேன், பாத்துட்டுத்தான் சொல்லாம இருந்தேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். மடக்கவும் நீட்டவும் வராத கை, என் கையிலிருந்து எடுத்து, கம்பியைத் தாண்டி, வயிற்று மேல் கொண்டுபோய் வைத்துக்கொள்ள அவளுக்கு வெகு நேரம் ஆனது, நான் உதவிக்குப் போகவில்லை, பார்த்துக்கொண்டு நின்றேன்.